ஜட்கா நவாபின் நீலப் பெட்டி

குதிரையை ‘நீங்க’ என்றும் மனிதர்களை ‘நீ’ என்றும் கூப்பிட்டு, அப்படியும் எலெக்‌ஷனில் ஜெயித்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஜட்கா நவாப். இன்னொருவர் உண்டென்று யாருக்காவது தெரிந்தால் கார்டு போடுங்கள். நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். அரியலூரைச் சுற்றி ரயில் நின்று போகும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரப்போகும் பிரசிடெண்டின் பேரன்மார் நல்ல திடகாத்திரமாக இருக்கிறார்கள். எனக்கோ இந்த வயசில் ஓட முடியாது. யுத்தம் முடிந்து ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த காலம். அந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டு ஆபீசில் நான் டெம்பரவரி கிளார்க். பிரசிடெண்ட் தும்மினால் வேலை போய்விடும் என்ற பயத்தில், அவருக்கு ஜலதோஷம் வரக்கூடாதென்று வேண்டிக்கொள்கிற அளவுக்கு டெம்பரவரி.

நவாபின் ராஜ்யம் என்பது ஒரு ஜட்கா, பேகம் என்ற வெள்ளைக் குதிரை, கல்யாண வயசில் மூன்று பெண்கள். வண்டி ஓட்டும்போது முதுகை வளைக்கமாட்டார். மருதாணி போட்ட தாடியை நீவிக்கொண்டு, திறை வாங்கப் புறப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதனால் வந்த பெயர் அது. நிஜப் பெயர் ஓட்டர் லிஸ்டில்தான் இருந்தது.

ரயில் வந்து நின்றதும் ஸ்டேஷன் வாசலில் அவர் குரல் கேட்கும்.

“ஏய், ஏறு. தள்ளி உக்காரு. காலை மடக்கு. கூடையை மடியில வச்சுக்க.”

வந்தவர் விக்கிரமங்கலத்து விவசாயியானாலும் சரி, தாசில்தாரானாலும் சரி, இதே உபசாரம்தான். அடுத்த நொடி குதிரைப் பக்கம் திரும்பினால் குரலே மாறிவிடும்.

“போலாங்களா பேகம்? சிரமம் ஒண்ணும் இல்லீங்களே?”

ஒரு தாசில்தார் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். “என்னய்யா, மனுஷனுக்கு இல்லாத மரியாதை குதிரைக்கு?”

“நீ இறங்கினா உன் வழியப் பாத்துப் போயிடுவே. அவங்க என் குடும்பத்தையே இழுக்குறாங்க.”

தாசில்தார் காலை மடக்கிக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து கடைத்தெருவுக்கு ஒரு மைல். அதை ரோடு என்று எங்கள் போர்டு ரிக்கார்டில் மட்டும்தான் எழுதியிருந்தோம். பள்ளம் எங்கே முடிகிறது, ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று நவாபுக்கும் பேகத்துக்கும்தான் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நவாப் பெயர் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை உருண்டு விழுந்த இடம் மாப்பிள்ளைப் பள்ளம். சுகாதார இன்ஸ்பெக்டரின் தொப்பி பறந்த இடம் இன்ஸ்பெக்டர் பள்ளம். திருமழபாடிக்குப் போகவேண்டிய பானை சட்டியெல்லாம் ஒரே நிமிஷத்தில் நொறுங்கிய இடம் குசவன் பள்ளம். ஊரில் இந்தப் பெயர்கள் விலாசமாகவே ஆகிவிட்டன. எங்கள் தபால்காரர் “மாப்பிள்ளைப் பள்ளத்துக்கு எதிர்த்த வூடு” என்று கேட்டுத்தான் கடிதம் கொடுப்பார்.

பிரசிடெண்ட் கடலை மண்டிக்காரர். பன்னிரண்டு வருஷமாகப் போட்டியே இல்லாமல் பிரசிடெண்ட். அவர் கெட்டவர் என்று சொன்னால் பாவம். வீடு, மண்டி, போர்டு ஆபீஸ் மூன்றும் ஒரே தெருவில் இருந்தன. ரயிலுக்குப் போகவேண்டுமானால் தோப்பு வழியாகச் சொந்த வில்வண்டியில் போய்விடுவார். அந்த ரோட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. நவாப் வருஷா வருஷம் கொண்டுவந்த மனுக்களைப் படித்துவிட்டு, “இவனுக்கு வண்டி ஓட்டத் தெரியலை” என்று ஓரத்தில் எழுதிவைப்பார்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைத் திருச்சி ரயிலுக்கு ஏற்றிப் போனார் நவாப். குசவன் பள்ளத்தில் சக்கரம் முறிந்தது. ரயில் போய்விட்டது. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம்தான். ஆனால் நவாப் இரண்டு நாள் வண்டி பூட்டவில்லை. மூன்றாம் நாள் ஆபீசுக்கு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

“நாமினேஷன் பேப்பர் குடு.”

“யாருக்கு, பாய்?”

“எனக்குத்தான். அன்னைக்கு அல்லா காப்பாத்தினான். தினமும் அவனுக்கே வேலை குடுத்துட்டிருந்தா போர்டு எதுக்குய்யா?”

மாற்றம் வேண்டும் என்று இதற்கப்புறம் எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டுவிட்டேன். இதைவிட நல்ல காரணத்தை யாரும் சொல்லவில்லை.

பிரசிடெண்டுக்கு விஷயம் எட்டியது. என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நவாபோட வண்டி லைசென்ஸை ரத்து பண்ணி ஒரு உத்தரவு எழுது. தேதி போடாம உன்கிட்டயே வச்சுக்க. எலெக்‌ஷன் முடிஞ்ச மறுநாளுக்குப் போட்டுக்கலாம்.”

எழுதினேன். எழுதாமல் இருக்கிற தைரியம் டெம்பரவரிக்கு ஏது? ஆனால் அன்று சாயந்தரமே ஸ்டேஷனுக்குப் போய் நவாபிடம் சொல்லிவிட்டேன். லைசென்ஸ் போனால் வண்டி போகும், பேகம் போகும், மூன்று பெண்களின் கல்யாணம் போகும். வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். நவாப் பேகத்தின் பிடரியைத் தடவிக்கொடுத்தார்.

“அடித்தல் திருத்தல் இல்லாம எழுதினியா?”

“எழுதினேன் பாய்.”

“நல்லது. தோத்துட்டா அதைத்தான் ஊருக்கெல்லாம் காட்டணும். இப்பப் போ, ரயில் வந்துடுச்சு.”

அவருக்கு ஒரே ஆதரவாளர் ஆரோக்கியசாமி வாத்தியார். ஏலாக்குறிச்சிக்காரர். மாதா கோயில் பாட்டெல்லாம் உரக்கப் பாடிப் பழகிய தொண்டை. சந்தை நாளில் ஜட்காவை நடுவில் நிறுத்தி, அதன்மேல் ஏறி, சுதந்திரம், ஜனநாயகம் என்று ஒரு மணி நேரம் முழங்கினார். கூட்டம் அவரையும் பார்த்தது, பக்கத்தில் மிளகாய் எடை போடுவதையும் பார்த்தது. கடைசியில் வேட்பாளர் பேசவேண்டும் என்று கைதட்டினார்கள்.

நவாப் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். “எனக்குப் பேச வராது. ரோடு மோசம்னு நம்பாதவன் ஏறு.”

“பாய், ஓட்டுக் கேக்குறப்பவாவது ‘ஏறுங்க’ன்னு சொல்லுங்க” என்று வாத்தியார் காதைக் கடித்தார்.

“ஓட்டுக்காக மரியாதை குடுத்தா ஜெயிச்சப்புறம் திருப்பி வாங்கிக்குவேன்னு நெனப்பான். ஏறுடா!”

நாலு பேர் ஏறினார்கள். ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அடுத்த நாலு பேர் ஏறினார்கள். அவ்வளவுதான் அவருடைய பிரசாரம். ஆனாலும் ஊர் பிரசிடெண்டுக்கு அடங்கிய ஊர். பாதிப்பேர் மண்டியில் கூலி, மீதிப்பேர் மண்டிக்குக் கடலை போடுகிறவர்கள். நவாப் பத்து ஓட்டு வாங்கினால் பெரிது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்புறம்தான் பிரசிடெண்ட் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடத்தில் அவருடைய கடலை மூட்டைகள் அடுக்கியிருந்ததால், ஓட்டுச்சாவடியை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்துக்கு மாற்றச் சொன்னார். இரண்டு, அந்தக் காலத்து வழக்கப்படி ஓட்டர்களை ஏற்றிவர வண்டி அமர்த்தினார். கணக்குப்பிள்ளையிடம், “ஊர்ல ஒரு வண்டி பாக்கி இருக்கக்கூடாது” என்று உத்தரவு. கணக்குப்பிள்ளை சொன்ன சொல் தவறாதவர். நவாபின் ஜட்காவையும் சேர்த்து அமர்த்திவிட்டார்.

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். “பாய், எதிராளி ஆளுங்களை நீங்களே கொண்டுபோய் இறக்குவீங்களா?”

“சவாரின்னு கேட்டு வந்தவனை இல்லேன்னு அனுப்பினதில்ல வாத்தியாரே. ஏத்திட்டுப் போறேன். வண்டிக்குள்ள ஓட்டும் கேக்கமாட்டேன். வாடகை அவரோடது.”

எலெக்‌ஷன் நாள் வந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காக அப்போதெல்லாம் ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. பிரசிடெண்டுக்குச் சிவப்பு, நவாபுக்கு நீலம். மறைப்புக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். லிஸ்டைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு.

காலையிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். பிரசிடெண்டின் ஆட்கள், பிரசிடெண்டின் வாடகை, கையில் பிரசிடெண்ட் கொடுத்த வெற்றிலை பாக்கு. முகம் மட்டும் பிரசிடெண்டுடையது இல்லை. ஒருவர் முதுகைத் தேய்த்துக்கொண்டு வந்தார். ஒருவர் நெற்றியில் எலுமிச்சை அளவு வீங்கியிருந்தது. வாயில் வெற்றிலை வைத்திருந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, பெயரைக் கேட்டால் கையால் பதில் சொன்னார். பன்னிரண்டு வருஷமாக நடந்தே போய்க்கொண்டிருந்த ஊரை ஒரே நாளில் பிரசிடெண்ட் தம் செலவில் வண்டியில் ஏற்றி, அந்த ரோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்!

நவாப் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஓட்டர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரையிடம் மட்டும்தான் பேசினாராம். “பேகம், குசவன் பள்ளம் வருது, பாத்து இறங்குங்க. இதான் அந்தப் புள்ள பொறந்த எடம், ஞாபகமிருக்குங்களா?”

பதினொரு மணிக்கு அவர் வண்டியிலிருந்து பிரசிடெண்டின் சொந்த அக்கா இறங்கினார். நிலபுலத்துக்கு வரி கட்டுகிற மகராசி. கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. பிரசிடெண்ட் வாசலிலேயே கும்பிட்டு நின்றார். அந்தம்மாள் அவரைத் தாண்டி நேரே என் மேஜைக்கு வந்து, ஸ்டேஷன் மாஸ்டருக்கே கேட்கும்படி கேட்டார்.

“ஏந்தம்பி, நீலப் பெட்டி எந்தப் பக்கம் இருக்கு?”

“அக்கா!” என்றார் பிரசிடெண்ட்.

“நீ பேசாதடா. என் இடுப்பு பேசுது.”

சாயந்தரம் வெளிச்சம் இருக்கும்போதே எண்ணி முடித்துவிட்டார்கள். நீலப் பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. சிவப்புப் பெட்டியை நானே ஒரு கையால் எடுத்துவந்தேன். வாத்தியார் மாதா பாட்டு ஒன்றை எடுத்துவிட, மேளக்காரர் அதற்குத் தகுந்த தாளம் தெரியாமல் கல்யாண மேளம் வாசிக்க, ஊர் வண்டிகளெல்லாம் வரிசை கட்டி ஊர்வலம் புறப்பட்டது.

பள்ளிக்கூட வாசலில் பழைய பிரசிடெண்ட் தனியாக நின்றார். அவர் அமர்த்திய வண்டிகள் எல்லாம் ஊர்வலத்தில் போய்விட்டன. வில்வண்டிக்காரனும் ஊர்வலத்தில்தான் இருந்தான். குடையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் பக்கத்தில். அப்போது ஊர்வலத்திலிருந்து ஒரு ஜட்கா திரும்பி வந்தது.

“ஏறு” என்றார் நவாப். “இன்னிக்குப் பூரா வாடகை பேசியிருக்கே. வூட்ல கொண்டுவந்து வுடுறேன்.”

ஏறினோம். குசவன் பள்ளத்தில் பழைய பிரசிடெண்ட் என் மடிக்கு வந்தார். இன்ஸ்பெக்டர் பள்ளத்தில் நான் அவர் மடிக்குப் போனேன்.

“தலையைக் குனி. அடுத்தது மாப்பிள்ளை” என்றார் நவாப். பழைய பிரசிடெண்ட் குனியவில்லை. கூண்டில் இடித்த சத்தம் எனக்கே வலித்தது.

கடைத்தெருவில் வண்டி நின்றது. அவர் இறங்கித் தலையைத் தடவிக்கொண்டார். “இவ்வளவு மோசமாவாய்யா இருக்கு?” பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, அந்த உத்தரவைக் கிழிச்சுப் போட்டுடு” என்றார். அங்கேயே, அவர் கண்ணெதிரேயே சட்டைப்பையிலிருந்து எடுத்து எட்டாகக் கிழித்தேன். அன்று பூராவும் அதைப் பையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

புதிய பிரசிடெண்ட் ஜல்லி கொட்டி இடித்துக் கப்பி ரோடு போட்டார். காண்டிராக்டர் வேலை முடிந்துவிட்டது என்று கையெழுத்துக்கு வந்தபோது, நவாப் ஒரு செம்பு நிறைய, தளும்பத் தளும்ப நீர் கொண்டுவரச் சொல்லி வண்டியில் வைத்தார். “ஸ்டேஷன்லேர்ந்து கடைத்தெரு வரைக்கும் ஓட்டுவேன். ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி போடு.” முதல் தடவை பாதிச் செம்பு போயிற்று. இரண்டாம் தடவை ஒரு கை. காண்டிராக்டர் அழாத குறை. மூன்றாம் தடவை ஊரே இரண்டு பக்கமும் நின்றது. பழைய பிரசிடெண்டும் அவர் அக்காவும் முன்வரிசையில் நின்றார்கள். பேகம் கடைத்தெருவுக்கு வந்து நின்றபோது செம்பின் விளிம்பில் நீர் அப்படியே இருந்தது. எழுந்த ஆரவாரத்தில் குதிரைதான் மிரண்டது. நவாப் அந்த நீரை இரண்டு கையாலும் ஏந்தி அதற்கே குடிக்கக் கொடுத்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். பஸ் தூக்கிப் போட்டால் எல்லாரையும் போல நானும் திட்டிவிட்டுத் தூங்கிப்போகிறேன். தூக்கிப் போடாமல் ஒரு மைல் நேராகப் போனால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த மனுஷரை இன்னொரு தரம் பார்க்கவேண்டும் போலிருக்கிறது.