தம்பி வீட்டுக் கீசரும் எங்கள் வீட்டுக் குழாயும்

நெருப்பெரிச்சல்,
மார்கழி, 2006.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தங்கவேலு அவர்களுக்கு, வெள்ளியங்கிரி எழுதிக்கொண்டது. இங்கு நானும் சென்னம்மாளும் சுகம். அவிநாசிபாளையத்தில் நீங்களும் தங்கச்சி முத்தாயியும் கோழிப்பண்ணையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

விஷயம் எங்கள் குளியலறைக் குழாய். கேட் எந்தப் பக்கம் வைப்பது என்று நானும் தம்பி நல்லானும் சண்டை போட்டுப் பேச்சை விட்டோம், நீங்கள் நடுவில் இருந்து வீட்டைப் பிரித்துச் சுவர் எழுப்பினீர்கள், பைப்பைப் பிரிக்கப் பிளம்பரை அனுப்பியதும் நீங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன். இந்த மார்கழியில் ஒரு நாள் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் ஆவி பறக்க வருகிறது. எங்கள் வீட்டில் கீசரே கிடையாது. சென்னம்மாள் பூமிக்குள் என்னவோ நடக்கிறது என்று குழாய்க்குக் குங்குமம் வைத்துவிட்டாள். பனியனுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைக்கிற நம் யூனிட்டில் இருக்கிற திருநெல்வேலிப் பக்கத்து இசக்கிமுத்து, போர்வெல் ஆழமாகப் போனால் தண்ணீர் சுடும் என்றான். மற்ற குழாயில் ஏன் சுடவில்லை என்று கேட்டதற்கு, அது குழாயோட குணம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். ஏதாவது சாயப்பட்டறைத் தண்ணீரோ என்று எனக்குச் சந்தேகம். சாயம் ஏறுகிறதா என்று வெள்ளைப் பனியன் ஒன்றை நனைத்துப் பார்த்தேன். பனியன் முன்னைவிட வெளுத்ததுதான் மிச்சம். சரி, வருவது வரட்டும் என்று அதிலேயே குளிக்க ஆரம்பித்தேன். உள்ளதைச் சொன்னால், இடுப்பு வலி விட்டுப்போயிற்று.

இதற்கிடையில் சுவருக்கு அந்தப் பக்கம் காலையானால் ஒரே சத்தம். நல்லான் புதுக் கீசர் மாட்டியிருக்கிறான், பேச்சில்லாததால் எங்களுக்குத் தெரியாது. கீசர்காரர் வருவார், கழற்றுவார், எல்லாம் சரியாகத்தான் இருக்குதுங்க என்று மாட்டிவிட்டுப் போவார். நல்லான் பச்சைத் தண்ணீரில் நடுங்குவான், அவன் சம்சாரம் அன்புசெல்வி தும்முவாள். ஒரு நாள் நான் குளித்துவிட்டு வெளியே வந்து துண்டை உதறும்போது, லைட் எரியுது, கரண்ட் ஓடுது, சுடுதண்ணி மட்டும் எங்கதானுங்க போகுது என்று அவன் கீசர்காரரைக் கேட்பது காதில் விழுந்தது. எனக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் சுட்டது.

சொல்லாவிட்டால் தம்பியின் வெந்நீரைத் திருடிக் குளிப்பவன் ஆகிறேன். சொன்னால், முதலில் பேசியவன் ஆகிறேன். சென்னம்மாளைச் சொல்லச் சொன்னேன், உங்க தம்பி, நீங்களே சொல்லிக்கங்க என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். இதையே யோசித்துக்கொண்டு இன்னும் சில நாள் வெந்நீரில் குளித்தேன். கடைசியில் சுவரோரம் நின்று, கொடியில் கிடந்த துணியைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னேன்:

“நல்லா, உன்ற சுடுதண்ணி எங்கூட்டுல வருதுடா.”

திட்டப்போகிறான் என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் தெருவைச் சுற்றிக்கொண்டு, தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக எங்கள் வாசலில் வந்து நின்றான்.

“தண்ணி இங்க வந்தா, நானும் இங்க வந்துதானுங்ணா குளிக்கோணும்.”

குளித்தான். சென்னம்மாள் இட்லி வைத்தாள், தலையை நிமிர்த்தாமல் தின்றான். சட்னியில் காரம் என்று நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதிலிருந்து தினமும் அன்புசெல்வி அங்கே சுவிட்சைப் போடுகிறாள், இவன் இங்கே வந்து குளிக்கிறான். சிக்கல் என்னவென்றால், அவன் முதலில் போனால் வெந்நீர் முழுவதையும் தீர்த்துவிட்டுத்தான் வருகிறான். பழகிய இடுப்பு, பச்சைத் தண்ணீரைத் தாங்க மாட்டேன் என்கிறது. ஆகையால் நீங்கள் அந்தப் பிளம்பரைக் கையோடு கூட்டி வந்து, பைப்பை முறையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இது உங்கள் பொறுப்பு.

முத்தாயிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். கோழிகளுக்குச் சீக்கு எதுவும் அண்டாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளியங்கிரி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் நல்லான் மொட்டை மாடியிலிருந்து கூப்பிட்டான். டேங்குக்கு அடியில் எங்கள் குளியலறைக்கு ஒரு வால்வு இருக்கிறது. துணி காயப்போடும்போது சொட்டுகிறது என்று சென்னம்மாள் அதை இறுக்கி மூடியிருக்கிறாள். சுவருக்குள் பைப்பு இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறது, இதை மூடினால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் இங்கே வந்துவிடும் என்று உங்கள் பிளம்பர் சொல்லிவிட்டுத்தான் போனாராம், அவளுக்கு இப்போது ஞாபகம் வருகிறது. நல்லான் திறந்துவிட்டான். வெந்நீர் அவன் வீட்டுக்குப் போய்விட்டது. மேலே எழுதியதில் உங்களைப் பற்றியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். பிளம்பர் வேண்டாம், ஒரு கொத்தனாரைக் கூட்டி வாருங்கள். சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி வேண்டும். இனி நான்தான் அங்கே போய்க் குளிக்க வேண்டும், ஈரத்துண்டோடு தெருவைச் சுற்றி வந்தால் யூனிட் ஆட்கள் பார்ப்பார்கள்.