கஞ்சி போட்ட தூளி

சின்னக் குழந்தைக்கு எப்போது தூக்கம் வரும் என்பது அந்தக் குழந்தைக்கே தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. அந்த நம்பிக்கையோடு தீம் பார்க்குக்குப் போய், பட்டப்பகலில், யார் பெற்ற பிள்ளைக்கோ தூளி ஆட்டிக்கொண்டு நின்றவன் நான்.

நம்பிக்கைக்குக் காரணம் என் தொழில். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். டைம்டேபிள் போடுவதும் நான்தான். எந்த வாத்தியாரும் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்கக் கூடாது, பி.டி. பீரியடை யாரும் திருடக் கூடாது (திருடுகிறவனும் நான்தான், அது வேறு விஷயம்). இத்தனையும் பார்த்து மொத்தப் பள்ளிக்கும் அட்டவணை போடுகிறவனுக்கு, இரண்டு குழந்தைகளைத் தூங்கவைப்பதா பெரிய வேலை?

மூத்தவன் ஜோயலுக்கு அப்போது மூன்று வயது. இளையவள் ரூத்துக்கு ஒன்றரை. என் மனைவி ஷீலா வங்கியில் வேலை பார்க்கிறாள். ராட்டினம் என்றால் அவளுக்கு உயிர். கல்லூரியில் படித்தபோது தோழிகள் எல்லாரும் பயந்து கீழே நிற்க, இவள் மட்டும் திரும்பத் திரும்ப ரோலர் கோஸ்டரில் ஏறினாளாம். அந்த வருடம் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். புடவை என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒண்ணும் வேணாம். ரோலர் கோஸ்டர்ல ஒரே ஒரு தடவை ஏறணும். அந்த ரெண்டு நிமிஷம் என் இடுப்புல யாரும் இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் உட்கார்ந்து ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை. மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இதை எப்படியாவது செய்து கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் அவள் ஏறிவிட்டு வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். ரூத்தைத் தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். விழித்திருக்கும்போது அம்மா கண்ணிலிருந்து மறைந்தால் அவள் போடும் கூச்சலில், பக்கத்து வீட்டுக்காரர் ஓடுகிற மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து எட்டிப்பார்ப்பார். தங்கை அழுதால் ஜோயலும் அழுவான், காரணமெல்லாம் கேட்க மாட்டான். ஆக, ஷீலா ஏற வேண்டுமென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கியாக வேண்டும்.

வீட்டில் இரண்டுக்கும் மத்தியானத் தூக்கம் தூளியில்தான். ஷீலாவின் பழைய காட்டன் புடவை, மேலே ஒரு ஸ்பிரிங், ஒரு கொக்கி. முதலில் ஜோயலைப் போட்டு ஆட்டுவோம். அவன் தூங்கியதும் எடுத்துப் பாயில் கிடத்திவிட்டு ரூத். இந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் தீம் பார்க்கில் ஒரு மரத்தில் கட்டிவிட்டால் தீர்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"ஏங்க, அங்க போய் தூளியா? நல்லாவா இருக்கும்?" என்றாள் ஷீலா.

"பிளான் போடறது என் வேலை. நீ ரைடுல ஏர்றத மட்டும் பாரு."

இங்கேதான் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். வீட்டுத் தூளிப் புடவை பார்க்கச் சகிக்காது. சாயம் போய், பால் கறையோடு, ஒரு மூலையில் ஜோயல் கடித்துவைத்த ஓட்டையோடு இருக்கும். நாலு பேர் வருகிற இடத்தில் அதையா தொங்கவிடுவது? வாத்தியார் வீட்டு மானம் என்ன ஆவது? ஷீலாவுக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து நல்ல காட்டன் புடவை ஒன்றை எடுத்துப் பையில் வைத்தேன். ஈஸ்டருக்குக் கட்டிய புடவை. துவைத்து, மொடமொடவென்று கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து மடித்துவைத்திருந்தாள்.

கேளம்பாக்கம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் செக்யூரிட்டி என் பையைத் திறந்தார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னா சார் இது? கயிறு கீது, கொக்கி கீது, ஸ்பிரிங்கு கீது. உள்ள போய் இன்னா பண்ணப் போற?"

"தூளி கட்டப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஷீலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அனுதாபம் இருந்தது.

"தூளிய பத்தி ரூல்ஸ்ல ஒண்ணும் இல்ல, எட்த்துகினு போ. ஆனா இந்த லெமன் சாதம் உள்ள போவாது."

லெமன் சாதத்தைப் பறிகொடுத்துவிட்டு, கொக்கியோடு உள்ளே போனேன்.

காலையில் ஜோயலுக்கு மிகவும் பிடித்த ரைடு, ஆண்கள் கழிப்பறையில் இருந்த கை உலர்த்தும் மெஷின். அடியில் கையை நீட்டினால் காற்று வரும், எடுத்தால் நிற்கும். அவ்வளவுதான், பையன் அங்கேயே குடியேறிவிட்டான். ரூத் ஒரு தண்ணீர்க் குழாயின் கீழே இருந்த சாக்கடை மூடியின் ஓட்டைக்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டிருந்தாள். இதற்கு நாங்கள் தாம்பரம் ரயில் நிலையத்துக்கே போயிருக்கலாம். ஷீலா மட்டும் அடிக்கடி தலையைத் தூக்கி ரோலர் கோஸ்டரைப் பார்த்துக்கொண்டாள். அதன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் சின்னப் பெண்ணின் முகமாகிவிடும். அதைப் பார்த்து எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது.

மத்தியானம் உள்ளே கடையில் சாதம் வாங்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டினோம். ரோலர் கோஸ்டருக்கு எதிரிலேயே ஒரு வேப்பமரம் வாகாகக் கிளை நீட்டி நின்றது. சிமெண்டு பெஞ்சின்மேல் ஏறி, கயிறு போட்டு, ஸ்பிரிங் மாட்டி, புடவையை விரித்தேன். அது மடிப்புக் கலையாமல் விறைத்துக்கொண்டு நின்றது.

"ஏங்க, இது என் ஈஸ்டர் புடவை!"

"அதெல்லாம் அப்புறம் பேசலாம். நீ க்யூல போய் நில்லு."

"தூங்கட்டும், போறேன்" என்று பக்கத்திலேயே நின்றாள்.

ஜோயலைப் போட்டேன். அவன் புரளும்போதெல்லாம் புடவை மொறுமொறுவென்றது. ஒரு நிமிடம் மோந்து பார்த்தான். "இது நம்ம தூளி இல்ல" என்று எழுந்து உட்கார்ந்தான். தலைக்குமேலே ரோலர் கோஸ்டர் அலறிக்கொண்டு போனது. கை தட்டினான். சரி, பாட்டுப் பாடித் தூங்கவைப்போம் என்று வாயில் வந்த பாட்டைப் பாடினேன். அது சண்டே ஸ்கூல் பாட்டு, அபிநயத்தோடு பாடுகிற பாட்டு. பையன் தூளிக்குள் எழுந்து நின்று முழுப் பாட்டுக்கும் அபிநயம் பிடித்தான். அவனை இறக்கிவிட்டு ரூத்தைப் போட்டேன். புடவை கன்னத்தில் உரசியதும் அவள் போட்ட கூச்சலில் ரோலர் கோஸ்டரின் சத்தமே அடங்கிப்போனது.

"அந்தப் பழைய புடவைலதாங்க என் வாசம் இருக்கும்" என்றாள் ஷீலா, ரூத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. "அது இல்லாம எப்படித் தூங்குவாங்க?"

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணா, தூளி சும்மாதான கீது? கொஞ்ச நேரம் என் புள்ளைய போட்டுக்கட்டா? காலைலேந்து ஒரே பேஜாரு."

பம்மலிலிருந்து வந்திருந்த ஒரு பெண். தோளில் அழுது அழுது முகம் சிவந்த பையன், பெயர் கிஷோர். பக்கத்தில் அவள் கணவர். நான் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கிஷோரைப் போட்டாள். நான் இரண்டு தடவைதான் ஆட்டியிருப்பேன். வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டான். அவனுக்குக் கஞ்சியும் தெரியவில்லை, ஈஸ்டரும் தெரியவில்லை.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் மாதக்கணக்காகக் கனவு கண்ட பார்வை அது.

"சார், நீங்க இங்கதான இருப்பீங்க? என் பையும் செருப்பும் இங்கயே கீது. ஒரே ரவுண்டு போய்ட்டு வந்துர்றோம்" என்றார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் இருவரும் ரோலர் கோஸ்டர் வரிசையில் நின்றார்கள்.

ஷீலா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் இடுப்பில் ரூத். முந்தானையில் ஜோயல். என் கையில் ஊரான் பிள்ளை தூங்கும் தூளி. தலைக்குமேலே அந்தப் பெண் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு போனாள்.

"பரவால்லங்க" என்றாள் ஷீலா. "யாரோ ஒருத்தியாவது ஏறினாளே."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குள் தூங்குகிற கிஷோரைப் பார்த்துவிட்டு, அழுகிற பிள்ளைகளோடு மூன்று குடும்பங்கள் எனக்குப் பின்னால் வரிசையில் நின்றுவிட்டன. ஒருவர் டோக்கன் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டார். கூட்டத்தைப் பார்த்து வாசல் செக்யூரிட்டியே வந்துவிட்டார்.

"இன்னா சார், தனியா ரைடு ஆரம்பிச்சிட்டியா?" என்று அதட்டியவர், தூளிக்குள் எட்டிப்பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "புள்ள தூங்குது. எந்திரிச்சதும் அவுத்துடு."

கிஷோர் எழுந்திருக்கவே இல்லை. அவன் அம்மாவும் அப்பாவும் தலைமுடி கலைந்து திரும்பி வந்தார்கள். "இன்னும் தூங்கினுதான் கீறானா?" என்று அந்தப் பெண் பூரித்துப்போனாள். ஷீலா நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்தது. "அக்கா, நீ போய்ட்டு வா. நாங்க எல்லாரும் கீறோம்ல, பாப்பாவ பாத்துக்க மாட்டோமா?" என்று ரூத்தை வாங்கிக்கொண்டாள். ஷீலா போனாள். வரிசை விறுவிறுவென்று நகர்ந்தது. அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். ரூத் உடம்பை வளைத்து, மூச்சைப் பிடித்து, நீலம் பாரிக்க அலறினாள். ஜோயல் தரையில் படுத்துச் சேர்ந்துகொண்டான். ஷீலா திரும்பிப் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"வீட்டுக்குப் போலாங்க."

கிஷோரை அவன் அம்மாவின் தோளுக்கு மாற்றிவிட்டு, தூளியை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினோம்.

கார் பார்க்கிங்கைத் தாண்டவில்லை, இரண்டும் தூங்கிவிட்டன. ஒரே நேரத்தில். நான் போட்ட திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது, இடம்தான் தப்பு. காரை நிறுத்தினால் எழுந்துவிடுவார்கள், திரும்பிப் போகவும் வழியில்லை. வண்டலூர் வரை ஷீலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. ஒரு பிறந்தநாள், ஒரே ஒரு ஆசை, அதைக்கூடச் சொதப்பிவிட்டேன்.

பெருங்களத்தூர் மேம்பாலம் ஏறும்போது மெதுவாகச் சொன்னாள். "கொஞ்சம் வேகமாப் போங்க."

பயந்துகொண்டே மிதித்தேன். உச்சிக்கு வந்து கார் இறங்கத் தொடங்கியதும் ஜன்னலை இறக்கினாள். இரண்டு கைகளையும் தலைக்குமேலே தூக்கினாள். வாயை அகலத் திறந்து, கண்ணை இறுக்க மூடி, முழு மூச்சோடு கத்தினாள். சத்தமே வரவில்லை. பின்சீட்டில் பிள்ளைகள் தூங்குகிறார்களே.

கீழே வந்ததும் சிரித்தாள். "இன்னொரு ரவுண்டு."

இரும்புலியூரில் திரும்பி, வண்டலூர் வரை போய், மறுபடி ஏறினோம். இந்தத் தடவை நானும் வாயைத் திறந்தேன் (கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது). வெயில் சாயும்வரை எத்தனை முறை சுற்றினோம் என்று எண்ணவில்லை. கடைசியில் பெட்ரோல் விளக்கு எரிந்ததால்தான் வீட்டுக்குப் போனோம்.

இப்போது ஜோயல் இரண்டாம் வகுப்பு, ரூத் யு.கே.ஜி. இன்றுவரை அந்த மேம்பாலத்தில் இறங்கும்போது எங்கள் காரில் எல்லாரும் கையைத் தூக்கி, வாயைத் திறந்து, சத்தமில்லாமல் கத்துவோம். பாலத்தை அப்படித்தான் கடக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் ரூத்தின் பள்ளி வேனில் வரும் அக்கா கவலையோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. பெருங்களத்தூர் பாலம் வந்தாலே பாப்பா கண்ண மூடி, வாயத் தொறந்து, ரெண்டு கையும் தூக்கினு அப்படியே நிக்குது. பல்லு வலியா சார்?"

அவள் அம்மாவுக்கு நான் கொடுத்த பிறந்தநாள் பரிசு அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஆமாங்க" என்றேன். "டாக்டர்கிட்டக் காட்டணும்."