பங்குக் குடும்பங்களுக்கு நான் எழுதிய விதி

அரைகுறையாகத் தெரிந்தவனால் ஊருக்குப் பெரிய ஆபத்து இல்லை. அந்த அரைகுறைக்கு மாதச் சம்பளமும் வாங்குகிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் அப்படி ஒருவன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுப் புத்தகங்களைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் கம்பெனியில் வேலை. எக்ஸ்.எம்.எல். என்ற கணினிக் குறிமொழி அப்போது புதுசு. எதற்குள் எது வரலாம், எதற்குப் பிறகு எது வரவேண்டும் என்று முன்கூட்டியே விதி எழுதிவிட்டால், டைப் செய்பவரின் தவறைக் கணினியே பிடித்துக் கொடுக்கும். அந்த விதிகளை எழுதுகிறவன் நான். (எழுதுகிறவருக்கு உதவுகிறவன். வீட்டில் அதைச் சொன்னதில்லை.)

காட்டுப்பாக்கத்தில் எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழாவுக்கு, பங்கிலுள்ள எல்லாக் குடும்பங்களின் விவரத்தையும் புத்தகமாகப் போட முடிவு செய்தார்கள். பங்குப் பேரவைச் செயலாளர் அருளப்பன் சார் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். அவர் மகள் ரெஜினாவை எனக்குப் பேசியிருந்தார்கள். திருவிழா முடிந்ததும் நிச்சயதார்த்தம். மாமனாருக்கு என் மூளையைக் காட்ட வேறு நல்ல நேரம் வாய்க்குமா?

குடும்பம் என்றால் முதலில் தலைவர், அடுத்து மனைவி, பிறகு பிள்ளைகள். இதுதான் நான் எழுதிய விதி. அந்த வரிசைப்படி பக்கம் போடும் புரோகிராமையும் நானே எழுதினேன். டைப் செய்ய ஆபீஸ் நண்பன் செல்வத்தை உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டான்.

“மச்சான், கன்னியர் மடத்துல புருஷன் யாருன்னு கேக்குது. இன்னா போடறது?”

அதோடு நிற்கவில்லை. கணவன் இறந்த வீடு, கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணன் தம்பி வீடு, பேரனை வளர்க்கும் தாத்தா வீடு, எதையும் கணினி ஏற்கவில்லை. என் விதிப்படி பங்கில் பாதிப்பேர் குடும்பமே இல்லை. செய்தி அருளப்பன் சார் காதுக்குப் போனது. அவர் மனைவி இறந்து பல வருடமாகியிருந்தது. ரெஜினாவை வளர்த்தது அவருடைய அக்கா.

“தம்பி, எங்க வீட்ல நான், எங்க அக்கா, ரெஜினா. இது குடும்பம் இல்லன்னு உங்க மெஷின் சொல்லுதாமே?”

“விதி கொஞ்சம் கறாரா இருக்கு மாமா. தளர்த்திடறேன்.”

ஒழுங்காகத் தளர்த்த வேண்டுமென்றால் ஒவ்வொரு மாதிரி வீட்டையும் யோசித்துத் தனித்தனியாக இடம் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். நான் ஒரே வரியில் முடித்தேன்: குடும்பத்தில் யார் வேண்டுமானாலும், எந்த வரிசையிலும், எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம். கணினி உடனே அடங்கிவிட்டது. பிழை எதுவும் இல்லை என்றது. எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டால் அது வேறு என்னதான் சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உதவிப் பங்குத்தந்தையைச் சின்ன ஃபாதர் என்போம். அவர் மட்டும் தயங்கினார்.

“ஒருவாட்டி படிச்சுப் பாத்துடலாமே பிரதர்?”

“கம்ப்யூட்டர் பாத்துடுச்சு ஃபாதர். மனுஷன் பாத்தாதான் தப்பு வரும்.” (இதை நான் சிரிக்காமல் சொன்னேன்.)

பூந்தமல்லியில் அச்சாகி வந்தது. திருவிழாப் பூசை முடிந்ததும் வெளியீடு. பங்குத்தந்தை முதல் பக்கத்தைத் திறந்து மைக்கில் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அது ஃபாதர்கள் தங்கும் சாமியார் வீட்டுப் பக்கம். குடும்பத் தலைவர் என்று தன் பெயரைப் படித்தார். மனைவி என்று படித்துவிட்டு நிறுத்தினார். அங்கே சின்ன ஃபாதர் பெயர் இருந்தது. இருவரையும்விட வயதில் மூத்த சமையல்கார சூசை, அவர்களுடைய மகன்.

விதியைத் தளர்த்திய நான் பக்கம் போடும் புரோகிராமை மாற்றவில்லை. முதல் பெயர் தலைவர், இரண்டாவது மனைவி, மற்றவர்கள் பிள்ளைகள் என்று அது பழையபடியே அச்சடித்திருந்தது. பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. கன்னியர் மடத்தில் மதர் தலைவராகவும் ஒரு சிஸ்டர் மனைவியாகவும் இருந்ததை யாரோ கண்டுபிடித்தார்கள். அப்போதுதான் எனக்கு அருளப்பன் சார் வீடு ஞாபகம் வந்தது: முதலில் அவர், இரண்டாவது அக்கா. அதற்குள் அவர் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பெயரைத் தேடி எடுத்துவிட்டார். படித்தார். புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அருளப்பன் சார் என்னிடம் வந்தார். அவர் குரல் உயரவே இல்லை. “அக்கா பேரு இதுவரைக்கும் எதுலயும் அச்சுல வந்ததில்ல தம்பி. காலைலேர்ந்து சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

“மாமா, அது புரோகிராம்ல ஒரு சின்ன...”

“சார்னே கூப்பிடுங்க.”

சீக்கிரம் முடி என்று விரட்டிய பேரவைக்காரர்கள் எல்லோருக்கும், அன்று மாலையே, எனக்கு இதெல்லாம் வராது என்பது முதலிலிருந்தே தெரிந்திருந்தது. ரெஜினாவை ஆவடியில் கொடுத்தார்கள். எனக்கு அதற்கப்புறம் எதுவும் அமையவில்லை. அமையாமலே வயதாகிவிட்டது.

சின்ன ஃபாதர் இப்போது தலைநரைத்துப் பெரிய பங்கில் இருக்கிறார். என் தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் என் தோளில் கைபோட்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம், “எனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவர் இவர்தான்” என்று அறிமுகம் செய்தார். எங்கே பார்த்தாலும் இதைத்தான் சொல்வார். என் தங்கைதான் முழுக்கதையையும் சொன்னாள், வழக்கம்போல் நடித்துக்காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“சார் வீட்டம்மா வரலீங்களா?”