அய்யனாருக்கு நான் கொடுத்த கார்

1961-ஆம் வருடம் ஜூன் மாதம் 16-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் கிடையாது. ஆனிக் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் புழுதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையைக் கெடுத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த நேரத்தில் நான் குடுமியான்மலையில், புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அம்மாவின் பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் ஒரு கார். காருக்கு மேலே, புழுதி படாமல், விரித்த குடை. (பஸ்ஸுக்குள் குடை விரித்ததற்காகப் பக்கத்து சீட்டுக்காரர் என்னை மூன்று தடவை திட்டினார். அவர் கண்ணில் ஒரு கம்பி குத்தியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.)

கார் என்றால் பதினான்கு அங்குலக் கார். எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. பஞ்சாயத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். அறுபத்து மூன்று பிள்ளைகள், ஒரு கரும்பலகை. மிச்ச நேரத்தில் சின்னக் கார் கட்டுவேன். அடிக்கு ஓர் அங்குலம் என்பது என் கணக்கு. பதினான்கு அடிக் கார் பதினான்கு அங்குலமாக வரும். கடையில் இதற்கென்று எதுவும் விற்கவில்லை. உடம்புக்குக் கல்யாண முருங்கைக் கட்டை, அதன்மேல் பிஸ்கட் டின் தகரம், டயருக்கு ரப்பர் செருப்பின் அடிப்பகுதி, கண்ணாடிக்குக் கழுவிய போட்டோ பிலிம், பளபளப்புக்குச் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். ஸ்டியரிங்குக்கு அக்கா மகளின் வளையல். (அவள் அழுதாள். இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அவளுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள்.)

எங்கே கார் நின்றாலும் நான் டேப்போடு அதன் அடியில் போய்ப் படுத்துவிடுவேன். இப்படித்தான் ஒரு நாள் புதுக்கோட்டையில் ஒரு பெரிய கறுப்புக் காரின் அடியிலிருந்து, காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுக்கப்பட்டேன். இழுத்தவர் காரின் சொந்தக்காரர். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். வெறும் சேஸிஸாக வருவதன்மேல் மரமும் தகரமும் அடித்து முழு பஸ்ஸாக அனுப்புகிற தொழில். அவரை முதலாளி என்றே சொல்கிறேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

"பிரேக்க அறுக்க வந்தியா?"

"அளவெடுக்க வந்தேங்க."

நான் அளந்த கணக்கையெல்லாம் வாயால் ஒப்பித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. பஸ் வாங்க வருகிறவர்களுக்கு, கட்டுவதற்கு முன்னாலேயே சின்னதாக ஒரு பஸ் செய்து காட்டினால் எப்படியிருக்கும் என்று அவர் வெகுநாளாக யோசித்துக்கொண்டிருந்தாராம்.

"இந்தக் காரையே செஞ்சு கொண்டாங்க, சார். நம்பர் பிளேட்டு வரைக்கும் அச்சு அசலா இருக்கணும். அதோட, இதுல நீங்க என்ன மாத்துவீங்களோ அதையும் மாத்திக் காட்டுங்க. எனக்குப் புடிச்சிருந்தா டிராயிங் வேல ஒங்களுக்குத்தான். பதினாறாம் தேதி, பதினோரு மணி."

சம்பளம் நான் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. ஆனால் சம்பளத்துக்காக நான் ஆசைப்படவில்லை. கார் கட்டுவதற்குச் சம்பளம் தருகிற ஓர் இடம் பூமியில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்த வேலை கிடைக்காவிட்டால் பதினாறாம் வாய்ப்பாட்டை இன்னும் முப்பத்து நான்கு வருடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஏழு வாரத்தில் கட்டி முடித்தேன். மாற்றம் என்று இரண்டு செய்தேன். முன் கண்ணாடிக்கு மேலே வெயிலுக்கு ஒரு சின்னத் தகரக் குடை; கறுப்புக் காருக்கு வெள்ளைக் கூரை. வெள்ளையை முந்தின நாள் ராத்திரிதான் அடித்தேன். அதனால்தான் காயவில்லை. அதனால்தான் பஸ்ஸுக்குள் அந்தக் குடை.

பாதி வழியில் ஒரு கிராமத்தில் பஸ் நின்றது. (ஊர்ப் பெயர் வேண்டாம். எனக்கு அங்கே இன்னும் போக்குவரத்து இருக்கிறது.) அன்றைக்கு அங்கே புரவி எடுப்பு. வேளார் வீட்டில் செய்து வைத்த மண் குதிரைகளை ஊரே சேர்ந்து தூக்கிக்கொண்டு, கொட்டு மேளத்தோடு அய்யனார் கோயிலுக்குப் போகிற நாள். குதிரை ஒவ்வொன்றும் ஆள் உயரம். ரோடு முழுக்க ஜனம்.

"ஒரு மணி நேரம் ஆகும்ங்க" என்று கண்டக்டர் பீடி பற்றவைத்தார்.

மணி ஒன்பது ஐந்து. ஒரு மணி நேரம் போனாலும் பதினோரு மணிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போதுதான் பார்த்தேன். பஸ் குலுங்கியதில் முன்பக்க இடது சக்கரம் சாய்ந்திருந்தது. எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க எனக்குச் சமதளம் வேண்டும். பஸ்ஸில் சமதளம் கிடையாது, ரோட்டிலும் கிடையாது. நூறு அடி தள்ளி, கோயிலுக்கு முன்னால், கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்த சிமெண்டு மேடை ஒன்று காலியாக இருந்தது. ஒரு ஓரத்தில் நாலைந்து பெண்கள் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். குதிரைகள் இன்னும் வந்து சேரவில்லை.

இனி நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் கார் கட்டுகிறவனுக்குரிய காரணம் இருந்தது.

இரண்டு கையாலும் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கண்டக்டர் நல்ல மனுஷர், பின்னாலேயே குடை பிடித்துக்கொண்டு வந்தார். மேடைக்கு வந்ததும், மண் தெறித்து ஈரப் பெயிண்டில் ஒட்டிவிடக் கூடாதே என்று செருப்பைக் கழற்றினேன். காரை எடுத்து மேடையில் வைத்தேன். எந்தச் சக்கரம் தரையைத் தொடவில்லை என்று பார்க்க மூன்று தடவை சுற்றி வந்தேன். அப்புறம், இந்த வேலை தெரிந்த எவனும் செய்கிறதைச் செய்தேன். குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் காரை மட்டம் பார்த்தேன். அந்தச் சின்ன உயரத்திலிருந்து பார்த்தால்தான் கார் காராகத் தெரியும். நன்றாகவே தெரிந்தது. எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

அச்சில் ஒரு ஊக்கைச் செருகினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. கடை கொஞ்ச தூரத்தில் இருந்தது. காரைத் தூக்கிக்கொண்டு போனால் இன்னொரு சக்கரமும் சாயும். "பாத்துக்குங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். ஊக்கு வாங்கிக்கொண்டு திரும்பக் கால் மணி நேரம்.

அதற்குள் குதிரைகள் வந்துவிட்டிருந்தன. பதினொரு குதிரை வரிசையாக நின்றது. ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் என் கார். கழுத்து இல்லாததால் மாலையைக் கூரைமேல் போட்டிருந்தார்கள். பாதிப் பூ வெள்ளைப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பானட்டில் சந்தனம், குங்குமம். புது வண்டிக்குச் செய்ய வேண்டிய முறை தெரிந்தவர்கள், நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பழம் ஒவ்வொன்றும் சக்கரம் அளவு. நசுங்கவில்லை, கார்தான் பழத்தின்மேல் ஏறி நின்றது.

கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது என் கார்ங்க" என்று எடுக்கப் போனேன். ஒரு கை என் கையைப் பிடித்தது. அம்பலம் என்று கூப்பிட்டார்கள். அந்த ஊருக்குப் பெரிய தலை.

"ஒங்க காருதான் தம்பி. யாரு இல்லைன்னா? ஒங்க நேர்த்திக்கடன்தானே?"

"நேர்த்திக்கடன் இல்லைங்க. சக்கரம் சாஞ்சிருக்கான்னு பாக்க வச்சேன்."

பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கரண்டியோடு எழுந்து வந்தார். "நான் பாத்தேன்ல. தாம்பாளத்துல வச்சு, கொடை புடிச்சுக் கொண்டாந்தாரு. செருப்பக் கழட்டுனாரு. மூணு சுத்துச் சுத்துனாரு."

"விழுந்து கும்பிட்டாரு" என்றார் இன்னொரு அம்மாள். "நம்ம ஆம்பளைக மாதிரி சும்மா விழுந்து எந்திரிக்கல. கன்னத்தத் தரையில வச்சு, கண்ண மூடிக்கிட்டு, அம்புட்டு நேரம் கெடந்தாரு."

"ஒரு கண்ணைத்தாங்க மூடுனேன்."

"மத்த கண்ணுல தண்ணி வந்துச்சே" என்றார் கரண்டி அம்மாள்.

அம்பலம் என் தோளில் கை போட்டார். "மனசு மாறுறது சகஜந்தான். நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, குடுக்க மனசு வராது. ஆனா சாமிக்கு வச்சத நான் எடுத்துக் குடுத்து, இந்த வருசம் மழை இல்லைன்னா, ஊரு ஒங்களையா கேக்கும்? என்னையத்தானே கேக்கும்?"

பஸ் ஹாரன் அடித்தது. தாம்பாளத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். வெறும் தாம்பாளமாகக் கொடுக்கக் கூடாதே. பொங்கல், அரை மூடித் தேங்காய், இரண்டு வாழைப்பழம்.

பட்டறைக்குள் நான் நுழையும்போது மணி பதினொன்று பத்து. முதலாளி காக்கி அரைக்கால் சட்டையும் காக்கிச் சட்டையுமாகக் கையில் ஸ்பானரோடு நின்றார். வேலை நாளில் அவர் உடுப்பு அதுதான். தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார்.

"கார் எங்க சார்?"

"அய்யனார் கோயில்ல இருக்குங்க."

"ரிப்பேரா?"

முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பொங்கலைச் சாப்பிட்டார். நம்பர் பிளேட் என்று நான் சொன்ன இடத்தில் கை நின்றது.

"எங்காரு நம்பரோடவா?"

"அச்சு அசலா இருக்கணும்னீங்களே."

கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரி, போய்ப் பாப்போம். வேல நல்லா இருந்தா அங்கனயே வச்சு முடிவு சொல்றேன்" என்றார். என் காதில் மேளம் கேட்டது. தன் காரை அவர் யாரையும் தொட விடமாட்டார், தானே ஓட்டினார். முன் சீட்டில் புது பேட்டரி ஒன்று இருந்தது. "பின்னாடி ஏறுங்க." தாம்பாளத்தோடு ஏறி உட்கார்ந்தேன்.

கோயிலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கார் வந்து நின்றதும் மேளம் நின்றது. அம்பலம் எச்சில் கையோடு எழுந்து வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மேடைக்குப் போய் என் காரின் நம்பரைப் பார்த்தார். திரும்பி வந்து பெரிய காரின் நம்பரைப் பார்த்தார்.

"நம்பரு கூட மாறலப்பா" என்றார். "காலையில வச்சாரு. மத்தியானம் குடுத்துருச்சு சாமி."

கரண்டி அம்மாள் குலவை போட்டார். அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பின் கதவைத் திறந்து என்னை இறக்கி, கழுத்தில் மாலை போட்டார்கள். (இந்தத் தடவை கழுத்து இருந்தது.)

"கூரைக்கு மட்டும் இன்னும் வெள்ளை அடிக்கலையே" என்றான் ஒருவன்.

"பொறுடா. ஒரே நாள்ல எல்லாமா குடுக்கும்?"

நான் வாயைத் திறந்தேன். ஒருவர் அதில் சர்க்கரையைப் போட்டார். அதற்குள் நிஜக் காரின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. அம்பலம் முன் ஜன்னலில் குனிந்தார்.

"டிரைவரு, வண்டிய லேசா முன்னுக்கு எடுங்க. பழம் நசுங்கணும்."

முதலாளியின் காது சிவந்தது. "யோவ், இது எங்காரு."

அம்பலம் சந்தோஷமாக என் பக்கம் திரும்பினார். "நல்ல டிரைவராப் பாத்துத்தான் வச்சிருக்கீங்க தம்பி. இப்புடித்தான் இருக்கணும். சொந்தக் காரு மாதிரி நெனைக்கணும்." சொல்லிவிட்டு மடியிலிருந்து ஒரு எட்டணாவை எடுத்து முதலாளியின் காக்கிச் சட்டைப் பையில் போட்டார்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். 'இவர்தான் முதலாளி.' இரண்டே சொல். வாயில் சர்க்கரை இருந்தது. அதைவிட, பயம் இருந்தது. ஆகவே நான் சிரித்தேன். முதலாளி அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்தார்.

கார் கிளம்பியது. நாலு பழமும் முறைப்படி நசுங்கின. குலவைச் சத்தத்துக்கு நடுவில் கார் புதுக்கோட்டை ரோட்டில் மறைந்தது. பின் சீட்டில் அம்மாவின் தாம்பாளம்.

"எங்கிட்டுப் போறாரு ஒங்க டிரைவரு?" என்று அம்பலம் கேட்டார்.

"பெட்ரோல் போட" என்றேன்.

ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். வாசலில் இருந்த ஆள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, முதலாளி சொன்னதை அப்படியே சொன்னார்: "அவருக்குத்தான் சாமி காரே குடுத்துருச்சே, வேல எதுக்குன்னு கேக்குறாரு." தாம்பாளத்தைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பதினாறாம் வாய்ப்பாடு என்னிடம் பத்திரமாக இருந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வருடம் அம்பலம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "பொரவி எடுப்பு வருது, சார். ஒங்க காருக்கு வேளார்கிட்ட பிடிமண் குடுக்கணும்." ஒரு பிடி மண்ணும் பணமும் கொடுத்தால்தான் வேளார் வேலையை ஆரம்பிப்பார். முதலில் வைத்தவர் குடும்பம்தான் வருஷா வருஷம் வைக்க வேண்டுமாம்.

"போன வருஷத்துக் கார் அங்கேதானே இருக்கு?"

"போன வருசத்துக் குதிரையுந்தான் இருக்கு. அதுக்காக இந்த வருசம் குதிரை வைக்காம இருக்கமா?"

அப்படியாக மண் கார் பிறந்தது. நான் அடிக்கு ஓர் அங்குலக் கணக்கில் டிராயிங் போட்டுக் கொடுத்தேன். வேளார் அதை நன்றாகப் பார்த்து மடித்து வைத்துவிட்டு, அவர் பாட்டுக்குச் செய்தார். கார் நாலு காலில் நின்றது; ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு சக்கரம். விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் உருட்டி விழிக்கும் கண். ரேடியேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பல்.

"காருக்குப் பல் ஏது வேளாரே?"

"பல்லு இல்லாம ராத்திரி காவலுக்கு எப்புடிப் போகும்?"

இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடிவாதம் பிடித்ததில், என் டிராயிங் போலவே ஒரு கார் வந்தது. ஊரில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. மழையும் அந்த வருடம் குறைவு. அதற்குப் பிறகு நான் பல்லைப் பற்றிப் பேசுவதில்லை.

வீட்டில் இந்தக் கதைக்கு வேறு உபயோகம் இருக்கிறது. மகன் ஸ்கூட்டர் வாங்கினான், கார் வாங்கினான், பேரன் இப்போது பெரிய கார் வாங்கியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வாங்குவதற்கு முந்தின நாள் அந்த வண்டியின் படத்தை என் முன்னால் தரையில் வைத்துவிடுவார்கள். "மாமா, ஒரு தடவ படுத்து எந்திரிச்சிருங்க" என்பாள் மருமகள். "ஒரு கண்ணை மட்டும் மூடணும், தாத்தா" என்பான் பேரன். எனக்கு முட்டி வலி. படுத்துவிடலாம்; எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஆனால் படுக்காமல் இருந்து, வண்டி எங்காவது மோதினால், என்னைத்தானே கேட்பார்கள்?

போன வாரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பிஸ்கட் டின், பெயிண்ட், பஸ் கட்டணம், அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த புதுத் தாம்பாளம், அக்கா மகளுக்கு வளையல், அன்றிலிருந்து இன்றுவரை செய்த மண் கார்கள், அத்தனையும் சேர்த்து ஐம்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய் மூன்று பைசா. அந்த மூன்று பைசா, ஊக்கு வாங்கியது.