மூன்று பின் ஆசை

அந்த ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் இனி ஒரு நாளும் வாழ்வதில்லை என்று கரமனை ஸ்ரீகண்டன் தீர்மானித்தார். சாஸ்தமங்கலத்தில் நண்பர் ஹரிகுமார் வீட்டில் அதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே பாட்டு தொடங்குமுன் ஒரு நிசப்தம் வந்ததே, அதற்காகவே ஏங்கினார். ஆபீசில் கையெழுத்துப் போடும்போதுகூடப் பெருமூச்சு வந்தது.

மனைவி ராஜஸ்ரீயிடம் நேரே கேட்கத் துணிச்சல் இல்லை. அதனால் கூடத்தில் இருந்த பழைய செட்டின் பின்பக்கம் போய், ஒயரின் ப்ளக்கை நூலளவு வெளியே இழுத்து விட்டார். வண்டுக்கூட்டம் நுழைந்தாற்போல் ஓர் இரைச்சல் கிளம்பிற்று.

"கேட்டயா ராஜி? ஹம் வரது."

"வரட்டும். இந்த ஆத்துல யாராவது ஹம் பண்ணட்டுமே."

அந்தக் குத்தல் அவருக்கு உறைக்கவில்லை. "இது சிங்கிள் எண்டட் ஆக்கும். பாட்டு போறது ஒரே கம்பி. ஃப்ரிட்ஜ், மிக்ஸி சத்தமெல்லாம் அதுல ஏறிக்கும். ஹரிகுமார் ஆத்துல இருக்கறது பாலன்ஸ்ட், மூணு பின். ஒண்ணு எர்த்து, மத்த ரெண்டு கம்பில பாட்டு போகும், ஒண்ணு நேரா, இன்னொண்ணு தலைகீழா. வெளிச் சத்தம் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறும். கடைசில ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சா இரைச்சல் போயிடும், பாட்டு மட்டும் நிக்கும்."

"ஒண்ணு சொன்னா இன்னொண்ணு நேரெதிரா சொல்லும். நம்மளப் போல."

"அதேதான்," என்றார் உற்சாகமாக.

"அப்போ வாங்கிடுங்கோ. பழைய செட்டு எனக்கு, அடுக்களைக்கு."

இவ்வளவு சுலபமா? அவள் மனசு மாறிவிடுமோ என்று அப்போதே ஹரிகுமாருக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது ப்ளேயரும் ஆம்ப்ளிஃபயரும் ஜோடியாகக் கூடத்தில் ஏறின. மூன்று பின்னும் 'டக்'கென்று உட்கார்ந்தன. ஸ்ரீகண்டன் கண்ணை மூடினார். ஆசைப்பட்ட நிசப்தம் அப்படியே வந்தது. அதற்குள் அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது.

அங்கே பழைய செட் துளி இரைச்சல் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. கூடவே ராஜஸ்ரீ பாடினாள். கல்யாணமான புதிதில் நாளெல்லாம் பாடினவள்தான். கூடத்துக்குச் செட் வந்த பிறகு, அவள் வாயைத் திறந்தாலே அவர், "மிண்டாம இரு, பாட்டு கேக்கறேன்" என்று கையைக் காட்டுவார். அவள் எப்போது நிறுத்தினாள் என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

புது செட்டை அணைத்துவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"இரைச்சல் எங்கே போச்சு, ராஜி?"

"ப்ளக்கை அமுக்கினேன், போயிடுத்து. நீங்க இழுத்து விட்ட அன்னிக்கே பாத்தேன்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா செட்டு இங்க வந்திருக்குமோ?"

மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"இன்னும் ஒண்ணு பாடேன்."

"பாடறேன். சும்மா உக்காராதேங்கோ, அந்தத் தேங்காயைத் துருவுங்கோ."