குழந்தை ஏசுவுக்கு எத்தனை கலைமான்?

டென்பி க்ரீக், ஒஹாயோ
டிசம்பர் 19

அன்பு மைத்துனன் வென்டலுக்கு, உன் அக்கா புருஷன் கிளிஃபோர்ட் ஹாஸ்கின்ஸ் எழுதுவது.

கர்த்தர் கிருபையில் நான் நலம். என் ரத்த அழுத்தம் மட்டும் நலமில்லை, காரணம் கீழே வருகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கன்சாஸில் பனி விழ ஆரம்பித்துவிட்டதா? நீ அனுப்பிய பழக் கேக் பத்திரமாக வந்து சேர்ந்தது. கத்தி இறங்கவில்லை, ஆனாலும் அன்புக்கு நன்றி. உன் சபையார் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

வென்டல், முதலில் நாற்காலியில் உட்கார். நின்றுகொண்டு படிக்காதே. ஆர்டிஸ் தன் கையால் செய்த கிறிஸ்துமஸ் குடிலை நகர மண்டபப் புல்வெளியிலிருந்து தூக்கச் சொல்லிவிட்டார்கள். ஆமாம், அதே குடில்தான். உன் அக்கா ஒரு குளிர்காலம் முழுக்க கராஜில் சிமெண்ட்டைக் குழைத்துக் குழைத்துச் செய்தாளே, யோசேப்புக்கு உங்கள் அப்பா மூக்கை வைத்து, மரியாளுக்குத் தெரியாத்தனமாகக் கொஞ்சம் மாறுகண் விழுந்து, கழுதைக்கு மட்டும் மனுஷக் களை வந்து சேர்ந்ததே, அதுதான். நான் நகர மன்றத்தில் சேர்ந்த வருஷம் நானே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வைத்தேன். இருபத்தெட்டு வருஷம். ஒவ்வொரு டிசம்பரும் பொம்மைகளுக்குப் போர்வை சுற்றும்போது அவள் ஏதோ சொல்லிக்கொண்டே சுற்றுவாள், நான் லாரியைப் பின்னால் எடுப்பதில் கவனமாக இருப்பேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வருஷத்தில் மூன்று வாரம் அந்தப் பொம்மைகளின் முன்னால் போய் நின்றால்தான் எனக்கு அவள் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

நவம்பரில் நகரத்து வக்கீல் கிரெட்சன் ஓல்ஸன் கூப்பிட்டு அனுப்பினாள். நான் பதினாறு வருஷம் மன்றத் தலைவராக இருந்தபோது பள்ளிக்கூட பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பெண், இன்று எனக்குச் சட்டம் சொல்கிறாள். பழைய அலமாரிக் காகிதங்களைக் கணினியில் ஏற்றும்போது, பதில் போடாமல் விட்ட புகார் ஒன்று அகப்பட்டதாம். நகர மண்டபத்தில் குடில் நிற்கக் கூடாது என்கிற புகார். எந்த மடையன் பதில் போடாமல் விட்டானோ, அவனைச் சொல்ல வேண்டும்.

"யார் குடுத்தது?" என்றேன்.

"நீங்க எழுதிக் கேட்டா நான் நகல் குடுத்தே ஆகணும் மிஸ்டர் ஹாஸ்கின்ஸ், அதான் சட்டம். ஆனா கேக்காதீங்க. சொல்றதைக் கேளுங்க."

அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். நகல் இன்னும் வரவில்லை. ஆனால் புகார் கொடுத்தது ஆணோ பெண்ணோ, நெஞ்சில் ஈரமில்லாத பிறவி. நேரில் வந்து சொல்ல வக்கில்லாமல் காகிதத்தின் பின்னால் ஒளிந்துகொண்ட கோழை. என் சந்தேகம் எல்லாம் எதிர்வீட்டு நெட்டி க்ரப் மேல்தான். நீ பிரசங்கியாயிற்றே, அந்தக் கல் நெஞ்சுக்காக நீ ஜெபம் பண்ணு, எனக்கு வரவில்லை.

அப்புறம் கிரெட்சன் எனக்கு அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தை விளக்கினாள். அரசாங்கம் எந்த மதத்தையும் தன் மதமாக நிறுவக் கூடாது, யார் மதத்தையும் தடுக்கக் கூடாது, யார் வாயையும் பொத்தக் கூடாது. "நாங்க எதையும் நிறுவலையே அம்மா, இந்த ஊர்ல தொள்ளாயிரம் பேரு, பாதி லூத்தரன், பாதி மெதடிஸ்ட், ஒரே ஒரு கத்தோலிக்கர், அவரும் கல்யாணம் கட்டி வந்தவரு. யாருக்கு என்ன கஷ்டம்?" என்றேன். "அந்த ஒருத்தருக்காகத்தாங்க சட்டமே" என்றாள். சரி, வழி ஏதாவது உண்டா என்று கேட்டேன். அப்போது அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மூச்சு நின்றுவிட்டது வென்டல். குடில் தனியாக நின்றால் அது மதமாம். பக்கத்தில் கலைமான், பனிமனிதன், மிட்டாய்க் கம்பு எல்லாம் சேர்த்து நிறுத்தினால் அது பண்டிகை அலங்காரமாம், கோர்ட் ஒத்துக்கொள்ளுமாம்!

"குழந்தை ஏசுவுக்கு எத்தனை கலைமான்?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தீர்ப்புல எண்ணிக்கை குடுக்கலைங்க" என்றாள்.

எண்ணிக்கை தெரியாததால் பாதுகாப்புக்கு ஆறு வாங்கினார்கள். பிளாஸ்டிக் கலைமான் ஆறு, காற்றடைத்த பனிமனிதன் ஒன்று, கிறிஸ்துமஸ் தாத்தா ஒன்று. கிறிஸ்துமஸ் தாத்தா மதத்தில் சேர்த்தி இல்லையாம், அந்தக் காலத்துப் பிஷப் பெயரை வைத்துக்கொண்டு திரிகிற ஆள், அவர் மதமில்லையாம்! இரண்டாம் நாள் ஏரிக்காற்று அடித்தது. பன்னிரண்டடிப் பனிமனிதன் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மரியாளின் மேல் குப்புற விழுந்தான், அடியில் இருந்த மின்விசிறி ஓடிக்கொண்டே இருந்ததால் விழுந்த இடத்தில் எழுவதும் படுப்பதுமாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட நேரம். லூத்தரன் பெண்கள் சங்கம் முழுக்கப் பார்த்தது. நான் பேனாக்கத்தியை எடுத்து அவனைக் குத்தினேன். நகரச் சொத்தைச் சேதப்படுத்தியதாக என் மேல் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்தக் கூத்தே வேண்டாம், இன்னொரு வழி இருக்கிறது என்றாள் கிரெட்சன். புல்வெளியை எல்லாருக்கும் திறந்துவிடுவது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் போட்டு எதை வேண்டுமானாலும் வைக்கலாம், நம் குடில் அதில் ஒன்றாக நிற்கும். "பேஷ், திறந்துவிடுங்க, இந்த ஊர்ல வேற யாரு வரப்போறாங்க?" என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து பலத்த குரலில் சொன்னவன் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வந்தார்கள் வென்டல். பால்பண்ணைக்காரர்கள் சங்கம் ஒரு கண்ணாடியிழைப் பசுவைக் கொண்டுவந்து இறக்கியது. தொழுவத்தைவிட அது இரண்டு மடங்கு பெரிது. குழந்தை படுத்திருப்பது அதன் மடிக்குக் கீழே என்று ஆகிவிட்டது. நகராட்சித் தேர்தலுக்கு நிற்கிற கார் வியாபாரி தன் ஆளுயர அட்டைப் படத்தை மூன்று ஞானிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான், நாலாவது ஞானி மாதிரி, கட்டை விரலை உயர்த்திக்கொண்டு. கல்லூரி நகரத்திலிருந்து கடவுள் நம்பிக்கையில்லாத நாலு பேர் வந்து ஒரு வெற்று நாற்காலியைப் போட்டு, 'இங்கே யாரும் இல்லை' என்று எழுதி வைத்தார்கள். இந்த ஊர் ஜனங்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பனி கொட்டுகிறதே என்று யாரோ அந்த நாற்காலிக்கு ஒரு போர்வை போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் அதன் மேல் ஒரு டப்பா குக்கீஸ்! நெட்டி க்ரப் தன் பழைய கராஜ் கதவைக் கழற்றி, அதில் முதல் திருத்தத்தை முழுக்கப் பெயிண்டால் எழுதிக் கொண்டுவந்து நிறுத்தினாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய கை, எழுத்து ஒவ்வொன்றும் தெருமுனை 'நில்' பலகை மாதிரி.

மன்றத்தார் ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்கள். அப்புறம், யாருக்கும் எதுவும் கிடையாது, புல்வெளி இனி வெறும் புல்தான், சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் எடுங்கள் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஆர்டிஸின் யோசேப்பைக் கட்டிப்பிடித்து லாரியில் ஏற்றியபோது எனக்குக் கண் தெரியவில்லை. அழுதேன் என்றே எழுதுகிறேன்.

வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்தேன். இது என் நிலம், என் குடில், எந்த அரசாங்கம் என்ன பண்ணும் என்று நிம்மதியாக ஒரு கப் காப்பி குடித்தேன். திங்கட்கிழமை காலையில் யோசேப்பின் கைத்தடியில் ஒரு நோட்டீஸ் கட்டியிருந்தது. நகர விதி நாற்பத்தொன்று: வீட்டு முன்முற்றத்தில் மூன்றடிக்கு மேல் உயரமான பலகையோ உருவமோ வைக்கக் கூடாது, அதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது. அதாவது ஒரே ஒருத்தரை வைத்துக்கொள்ளலாம். உயரத்தைப் பார்த்தால் குழந்தைக்கு மட்டும்தான் அனுமதி. பெற்றோர் வெளியேற வேண்டும்.

இந்த விதியை எழுதிய பாவி யார் என்று நீ கேட்பாய். நான்தான் வென்டல். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நெட்டி தன் முற்றத்தில், 'கிளிஃப் ஹாஸ்கின்ஸைவிட என் கோழிக்கு விவரம் அதிகம்' என்று எட்டடிப் பலகை வைத்தாள், பனி அள்ளும் வண்டி அவள் தெருவுக்குக் கடைசியில் வருகிறது என்கிற கோபம். அதற்காகவே நான் நாற்பத்தொன்றைக் கொண்டுவந்தேன். அவள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள், பலகையை மூன்றடிக்கு அறுத்தாள். மிஞ்சியது 'கிளிஃப் ஹாஸ்கின்ஸ் கோழி' மட்டும். அதுதான் இத்தனை வருஷமாக நிற்கிறது.

நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தபோது அவளே தெருவைத் தாண்டி வந்தாள். ரப்பர் பூட்ஸ், கையில் முட்டைக் கூடை.

"என்ன கிளிஃப், உன் விதி உன் வீட்டுக்கே வந்துடுச்சா?"

"சிரிக்கறதுன்னா சிரிச்சுட்டுப் போ நெட்டி."

"சிரிப்பை எல்லாம் உள்ளயே சிரிச்சு முடிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றவள் மரியாளின் தலையில் இருந்த பனியைக் கையால் தட்டிவிட்டாள். "ஆர்டிஸ் அந்த யோசேப்போட மூக்குல அவ அப்பாவைக் கொண்டுவர ஒரு வாரம் அழுதா, தெரியுமா உனக்கு? வியாழக்கிழமை கூட்டத்துக்கு வா. பேச எனக்கும் மூணு நிமிஷம் உண்டு."

மூக்குக்காக அழுதது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை போனேன். நம் மன்றத்தில் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிஷம், மேசையில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற மணி ஓடும். அந்த மணியை வாங்கி வைத்ததும் அடியேன்தான். நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். கழுதையைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அடுத்து நெட்டி எழுந்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எனக்கு இந்த ஆளைப் பிடிக்காதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். இவன் எழுதினதைத்தான் இப்போ படிக்கப்போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு." பையிலிருந்து பழைய கூட்டக் குறிப்பை எடுத்தாள். "பதினோரு வருஷம் முன்னால இதே எடத்துல தலைவர் சொன்னது: 'பேச்சுச் சுதந்திரம் எல்லாம் அடுத்தவன் ஜன்னல் வரைக்கும்தான்.' கிளிஃப், இதை இன்னும் சொல்றியா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது.

"வாபஸ் வாங்கிக்கறேன்" என்றேன்.

"சத்தமா."

"வாபஸ் வாங்கிக்கறேன் நெட்டி!"

"அப்ப சரி" என்று கழுதையிலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். படிக்கும்போது ஓரிடத்தில் அவள் குரலே கொஞ்சம் உடைந்தது, ஆனால் நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே. நாற்பத்தொன்று கோர்ட்டில் ஒரு நாள்கூட நிற்காது என்றாள் கிரெட்சன். மன்றத்தார் ஐந்து பேரும் கை தூக்கி விதியை ரத்து செய்தார்கள்.

குடில் இப்போது என் முற்றத்தில் நிற்கிறது. எதிரில் நெட்டி புதுப் பலகை வைத்திருக்கிறாள், பத்தடி, பழைய வாசகம் முழுசாக. அதற்கு அவள் போட்டிருக்கிற விளக்கு தெரு தாண்டி வந்து மரியாளின் முகத்திலும் விழுகிறது.

உனக்கும் உன் வீட்டாருக்கும் பிறக்கப்போகிற பாலகன் சமாதானம் தரட்டும். முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு. அடுத்த வருஷம் கேக்கில் கொஞ்சம் ஈரம் இருக்கட்டும்.

உன் அன்புள்ள
கிளிஃபோர்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் கிரெட்சன் அந்தப் புகாரின் நகலைத் தானே கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. மேலே முத்திரை: 'பெறப்பட்டது. கோப்பில் வைக்கவும்.' கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்ட கையெழுத்து. மடையன் நான்தான். அதை அப்படியே எழுதுகிறேன்.

'மன்றத் தலைவர் அவர்களுக்கு, ஆர்டிஸ் ஹாஸ்கின்ஸ் எழுதுவது. நகர மண்டபத்தில் நிற்கும் குடில் என்னுடையது. எங்கள் வீட்டு முற்றத்துக்காகச் செய்தேன். எப்படி ஜெபிக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லக் கூடாது என்றுதான் எங்கள் முன்னோர் கடல் தாண்டி வந்தார்கள். என் ஜெபத்தையே அரசாங்கம் சொன்னாலும் எனக்கு வேண்டாம். இதைப் பத்தொன்பது வருஷமாக வீட்டில் சொல்கிறேன். என் கணவருக்கு வீட்டில் காது கேட்பதில்லை, ஆபீஸில் கேட்கும் என்கிறார்கள். அதனால் முறைப்படி எழுதுகிறேன். தயவுசெய்து பதில் போடவும். நகல்: என் தம்பி வென்டலுக்கு.'

ஒன்பது வருஷமாக நீயும் வாயைத் திறக்கவில்லையே, பாவி! மேலே கோழை, கல் நெஞ்சு என்று எழுதியதை எல்லாம் அடித்துவிடு. ஜெபத்தை எனக்காகப் பண்ணு. அவள் பதில் கேட்டிருக்கிறாள், அதனால் ஒரு தாளில் முறைப்படி எழுதி, மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, யோசேப்பின் காலடியில் கல்லை வைத்து அழுத்திவிட்டு வந்தேன்: 'திருமதி ஆர்டிஸ் ஹாஸ்கின்ஸ் அவர்களுக்கு, தங்கள் மனு ஏற்கப்பட்டது. தாமதத்துக்கு வருந்துகிறேன்.'