கறையில்லா முட்டைச் சட்டம்

மருதமரங்கள் சூழ்ந்த ஓர் ஏரியைப் பறவைகள் தாங்களே ஆண்டுவந்தார்கள். ஆட்சி மரப்பொந்துகளில் இருந்தது. குடிமக்கள் வெட்டவெளியில் இருந்தார்கள். பொந்தில் வாழும் கிளிகளின் முட்டை வெள்ளை. இருட்டில் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் அதற்கு நிறமே தேவைப்படவில்லை. கரைச்சரளையில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவிகளின் முட்டையோ மண்நிறம், மேலே கருந்திட்டுகள். பக்கத்தில் நின்று பார்த்தாலும் கல் என்றே தோன்றும். கூடு என்று சொல்ல அவர்களுக்கு வேறொன்றும் கிடையாது. அந்தத் திட்டுகள்தாம் கூரை, சுவர், கதவு எல்லாம்.

பசுங்கோமான் என்ற கிளியார் தேர்தலில் நின்றபோது எங்கு போனாலும் ஒரே பேச்சைத்தான் பேசினார். அந்தத் திறமை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்திருந்தது.

“காக்கையின் கூட்டில் குயில் முட்டையிடுகிறது. நாளை உங்கள் கூட்டிலும் இடும். முட்டைக்கொரு நிறம் இருக்கும்வரை கள்ள முட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?”

எந்தக் குயிலும் சரளையில் முட்டையிட்டதில்லை. ஆனாலும் கூட்டத்தில் அதிகம் கத்தியவர்கள் ஆள்காட்டிகளே. புதிதாக எதைக் கண்டாலும் முதலில் கத்திவிட்டுப் பிறகு யோசிப்பது அவர்கள் குலவழக்கம். அவர்களில் நெட்டைக்காலன் என்பவன் தொண்டை கட்டும்வரை கத்தினான்.

“நமக்கும் குயிலுக்கும் என்னய்யா வம்பு?” என்றாள் அவன் மனைவி செம்மூக்கி.

“உனக்கு அரசியல் புரியாது புள்ள. சும்மா இரு.”

பசுங்கோமான் வென்றார். கறையில்லா முட்டைச் சட்டம் வந்தது. நாட்டின் எல்லா முட்டைகளுக்கும் வெள்ளையடிக்க வேண்டும். வெள்ளைக்குக் கொக்குகளின் எச்சம் பயன்படுத்தப்பட்டது. நாட்டுப்பற்று மிகுதியால் கொக்குகள் அதை இலவசமாகவே வழங்கினார்கள். சரியாக அடித்திருக்கிறதா என்று மேலிருந்து பார்வையிடும் பொறுப்பு பருந்தாருக்குத் தரப்பட்டது. இவ்வளவு எளிதான வேலையை வாழ்நாளில் கண்டதில்லை என்று அவரே மனம் நெகிழ்ந்து கூறினார்.

செம்மூக்கி அமைச்சர் ஆந்தையாரிடம் முறையிடப் போனாள். பகல் நேரமாதலால் அமைச்சர் கண்ணை மூடியபடியே குறை கேட்டார்.

“ஐயா, வெள்ளையடிச்ச அன்னைக்கே முட்டை அத்தனையும் போயிடுச்சுங்க.”

“போகும்போது வெள்ளையாகத்தானே இருந்தன?”

“ஆமாங்க.”

“அப்படியானால் சட்டம் முறையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. வேறென்ன குறை?”

“தூக்கிட்டுப் போனதே இவருதாங்க.”

அருகில் அமர்ந்திருந்த பருந்தார் அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டார். “ஆய்வுக்காக எடுக்கப்பட்டவை,” என்றார்.

அதன்பின் பருந்தாரின் நிழல் விழும்போதெல்லாம் ஆள்காட்டிகள் கத்தினார்கள். சிலர் சிறகொடிந்ததுபோல் தரையில் தத்தி, அவரை வேறு பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். உடனே அடுத்த சட்டம் வந்தது. கத்துவது பீதி கிளப்புதல். நொண்டுவது அரசைப் பற்றித் தவறான தோற்றம் ஏற்படுத்துதல். ஒரே விலக்கு உண்டு: திட்டுள்ள முட்டையைக் கண்டால் மட்டும் கத்தலாம். கத்துகிறவருக்கு ‘விழிப்பான குடிமகன்’ பட்டம்.

குஞ்சுகளின் சத்தமில்லாமல் கரை வெறிச்சோடியது. பழக்கம் விட்டுப்போய்ப் பலருக்குத் தங்கள் முட்டையின் நிறமே மறந்துபோனது.

பருவம் முடியும் நேரத்தில் செம்மூக்கி ஒரே ஒரு முட்டையிட்டாள். அதற்கு அவள் வெள்ளையடிக்கவில்லை, கணவனிடமும் சொல்லவில்லை. இருட்டியபின் அடைகாத்தாள். பகலில் வெயிலேறும்போது மட்டும் ஏரியில் நனைத்த வயிற்றோடு வந்து குளிர்வித்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் நடமாடினாள். பருந்தார் தினமும் அதற்கு நேர் மேலேதான் பறந்தார். கல்லைத்தான் பார்த்தார். முட்டைக்குள் சின்ன அலகு தட்டும் ஓசை அவளுக்குக் கேட்கத் தொடங்கியது.

அன்று பசுங்கோமானின் கூட்டத்துக்குப் போய்விட்டுச் சரளைவழியே திரும்பிய நெட்டைக்காலன், மிதிக்க இருந்த காலைச் சட்டென்று தூக்கிக் குனிந்து பார்த்தான். திட்டுத் திட்டாக ஒரு முட்டை.

செம்மூக்கி ஓடிவந்தாள். அதற்குள் அவன் கத்திவிட்டிருந்தான்.

மேலே போய்க்கொண்டிருந்த நிழல் நின்றது, திரும்பியது.

பருந்தார் இறங்கினார், எடுத்துக்கொண்டார். “உங்களைப் போன்றவர்களால்தான் நாடு பாதுகாப்பாக இருக்கிறது,” என்று அவனிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு மேலேறினார்.

நெட்டைக்காலன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளது ஈர வயிற்றைப் பார்த்தான்.

“யாரோடது புள்ள அது?” என்றான், தாழ்ந்த குரலில்.